தோட்டத்துக் கிணறும் ஃப்ளோரைடும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் ஜில்லாக்களில் ஊரைவிட்டு விலகித் தம் நிலத்தின் நடுவிலேயே வீடு கட்டிக்கொண்டு வாழும் குடியானவர்களில், ஊர்க் குழாய் இன்னும் எட்டாதவர்களுக்குக் கிணறோ போர்க்குழாயோதான் ஜீவாதாரம். அந்தத் தண்ணீரைச் சுத்தி செய்து தருகிறோம் என்று வாசலுக்கு வரும் ஃபில்டர் வியாபாரிகளுக்கு இக்காலத்தில் குறைவில்லை. ஆனால், தண்ணீரில் இருக்கும் தோஷம் இன்னதென்று நிர்ணயிக்காமலே அதை நீக்கும் யந்திரத்தை விற்பது, நாடி பாராமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

வியாபாரி செய்து காட்டும் பரீட்சைகள் இரண்டு. பேனாவைப் போன்ற ஒரு மீட்டரை டம்ளரில் தோய்த்து, அதில் தோன்றும் எண்ணைக் காட்டி அச்சுறுத்துவது ஒன்று. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை அளந்து, அதிலிருந்து கரைந்துள்ள உப்புக்களின் மொத்தத்தை உத்தேசமாகக் கணக்கிடும் அந்தக் கருவி, அவற்றில் தீமை செய்யும் உப்பு எது, கிருமி உண்டா இல்லையா என்பவற்றில் ஒன்றையும் சொல்வதில்லை. மற்றொன்று, இரண்டு உலோகக் கம்பிகளை அமிழ்த்தி மின்சாரம் செலுத்தியதும், சற்றுமுன் தெளிந்திருந்த நீர் பழுப்புச் சேறாக மாறுவது. அந்தச் சேற்றில் பெரும்பகுதி, மின்சாரத்தால் கரைந்த இரும்புக் கம்பியின் துருவே. யந்திரத்தில் வடித்த நீரில் உப்புக் குறைவாதலால் மின்சாரம் பாய்வதில்லை, கம்பி கரைவதில்லை, நீரும் நிறம் மாறுவதில்லை. நிரூபணமானது இவ்வளவே.

இப்பிரதேசத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டிய ஃப்ளோரைடோ, நிறமும் மணமும் ருசியும் இன்றியே தண்ணீரில் இருப்பது. 1937-ம் ஆண்டில், அந்நாளைய சென்னை ராஜதானியின் நெல்லூர் ஜில்லாவில், முதுகும் மூட்டுக்களும் இறுகிக் குனிய முடியாமற்போன கிராமவாசிகளைப் பரிசோதித்த ஷார்ட் முதலிய வைத்திய நிபுணர்கள், அவ்வியாதிக்குக் காரணம் அவர்கள் பல ஆண்டுகள் அருந்திய கிணற்று நீரிலிருந்த ஃப்ளோரைடே என்று எடுத்துக்காட்டினார்கள். குழந்தைப் பருவத்தில், ஈறுக்குள் பல் உருவாகும்போதே, அதன் மேற்பூச்சை ஃப்ளோரைடு கெடுத்துவிடுவதால், பின்னர் எவ்வளவு நல்ல நீரைக் குடித்தாலும் பல்லில் படிந்த பழுப்புக் கோடுகள் மறைவதில்லை. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டார் இதில் ஒரு வருஷங்கூடத் தாமதிக்கலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஃப்ளோரைடு தண்ணீரில் சேர்வது பாறையிலிருந்து. கருங்கற் பாறையின் அப்பிரகம் முதலிய தாதுக்களில் அடங்கியிருக்கும் ஃப்ளோரைடை, நெடுங்காலம் அவற்றோடு ஒட்டித் தங்கும் நிலத்தடி நீர் மெல்லக் கரைத்துக்கொள்கிறது. நீரில் கால்சியம் மிகுந்திருந்தால் ஓர் அளவுக்கு மேல் கரையவொட்டாமல் அது தடுத்துவிடும். கால்சியம் குறைந்து சோடா உப்பு மிகுந்த நீரிலோ தடையின்றிக் கரையும். ஆகையால், பருப்பு சீக்கிரம் வேகிறது, சோப்பு நன்றாக நுரைக்கிறது என்று வீட்டார் கொண்டாடும் தண்ணீரே சில இடங்களில் அதிக ஃப்ளோரைடு உடையதாக இருப்பதுண்டு. கடினத்தன்மையைப் போக்கும் யந்திரம் கால்சியத்தை எடுத்துச் சோடியத்தைக் கொடுப்பதோடு நின்றுவிடுகிறது. காய்ச்சினாலோ நீர் வற்றி ஃப்ளோரைடு செறிவாகும். புறவூதா விளக்கு கிருமியைக் கொல்லுமேயன்றி இதைத் தீண்டாது.

எனவே, குடியானவர் முதலில் தேட வேண்டிய சேவை பரிசோதனையே. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைச் சாலைகள், தனியார் கிணற்று நீரையும் கட்டணம் பெற்றுப் பகுத்துத் தருகின்றன. மோட்டாரைச் சில நிமிஷங்கள் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அந்நீராலேயே அலசி நிரப்பிக் கொடுக்க வேண்டும். கிருமிப் பரிசோதனைக்கு வேறு பாட்டிலை அவர்களிடமே கேட்டு வாங்குவது நலம். தொழுவமும் எருக்குழியும் அருகிலிருந்தால் நைட்ரேட்டையும் பார்க்கச் சொல்லலாம். இந்திய நிர்ணயப்படி ஒரு லிட்டரில் ஃப்ளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது உத்தமம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம்.

அளவு தெரிந்தபின் வழிகள் பல. ஃப்ளோரைடு வாய்வழியாகவே தீங்கு செய்வதாதலால், குடிக்கவும் சமைக்கவுமான சில குடங்களைச் சுத்தி செய்தால் போதும். குளிக்கும் நீரைப் பற்றிக் கவலையில்லை. நாகபுரியிலுள்ள நீரி ஆராய்ச்சி நிலையம் வகுத்த நல்கொண்டா முறையில், சுண்ணாம்பும் படிகாரமும் அளவறிந்து சேர்த்துக் கலக்கித் தெளியவைத்து, மேல்நீரை வடித்துக்கொள்கிறார்கள். ஆர்.ஓ. யந்திரத்தின் சவ்வு ஃப்ளோரைடைத் தடுப்பது மெய்யே. ஆயினும் ஒரு குடம் நல்ல நீருக்கு இரண்டு மூன்று குடம் கழிநீராக வெளியேறும் யந்திரங்களே மிகுதி என்பதால், கோடையில் போர் வற்றும் பூமியில் யோசித்தே அதை வாங்க வேண்டும். மழைநீரில் ஃப்ளோரைடு அநேகமாக இல்லை. லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள கிணற்று நீரோடு, ஓட்டுக்கூரையிலிருந்து பிடித்துச் சேமித்த மழைநீரைச் சமபாகம் கலந்தால் அது 1.5 ஆகிவிடும். செலவு குறைந்த இந்த உபாயத்தை எந்த வியாபாரியும் சொல்லக் கேட்டதில்லை.

கிளர்வூட்டிய அலுமினாவை நிரப்பிய ஃபில்டரும் நன்கு வேலை செய்யும். ஆனால் நாளடைவில் அதன் ஈர்க்கும் சக்தி தீர்ந்துபோகும். தீர்ந்துவிட்டது என்பதற்குக் கண்ணுக்கோ நாவுக்கோ ஓர் அறிகுறியும் கிடையாது. காஸ்டிக் சோடாவாலும் அமிலத்தாலும் கழுவி அதைப் புதுப்பிப்பதும் வீட்டில் செய்யத்தக்க காரியமன்று. பழகியவர் வந்து எடுத்துப்போக வேண்டும். ஆதலால், யந்திரம் வாங்கும் நாளிலேயே, பொருத்துவதற்கு முன்னும் பின்னும் பரிசோதனை முடிவை எழுத்தில் தருவாரா, அலுமினாவையோ சவ்வையோ மாற்ற எவ்வளவு கேட்பார், அவருடைய ஆள் இருப்பது எந்த ஊரில் என்று விசாரித்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது யந்திரத்திலிருந்து வரும் நீரையும் ஒரு பாட்டிலில் பிடித்து அதே பரிசோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டும்.