தனியார் பள்ளிக்கூடச் சம்பளமும் சர்க்கார் பணமும்

குடியானவர்கள் தங்கள் பிள்ளைகளின் படிப்பிற்காகக் கடன் வாங்குவது புதிய விஷயமன்று. ஆயினும், கூட்டுறவுக் கடன் சங்கங்களின் கணக்குகளைப் பரிசோதிக்கும் உத்தியோகத்தில் இருப்பவன் என்னும் முறையில் நான் அடிக்கடி காண்பது ஒன்றுண்டு. மே, ஜூன் மாதங்களில் நகையீட்டின் பேரில் கொடுக்கப்படும் கடன்களில் பல, பேரேட்டில் 'பயிர்ச் செலவு' என்று எழுதப்பட்டிருக்கின்றன. கடன் வாங்கியவரை அழைத்து விசாரித்தால் விதையுமில்லை, எருவுமில்லை. பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு என்பார்.

இவ்வாறு ஒரு குடியானவரை விசாரித்தபோது அவர் கூறியதாவது: "ஐயா, பையனுக்குச் சம்பளம் இலவசந்தான். சட்டப்படி சீட்டுக் குலுக்கியதில் அவன் பெயர் விழுந்தது. நான் அடகு வைத்தது சம்பளத்திற்கல்ல. வண்டிக்கும், புஸ்தகத்திற்கும், உடைக்கும்." பக்கத்திலிருந்த சங்கத் தலைவர், "அப்படியானால் சர்க்கார் கொடுக்கும் பணம் யாருக்கு, இன்ஸ்பெக்டர் ஐயா?" என்று கேட்டார். அன்று நான் தக்க விடை கூறவில்லை. பின்னர் சட்டத்தையும் விதிகளையும் படித்து அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

2009-ம் வருஷத்தில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் அமுலுக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி, சர்க்கார் உதவி பெறாத தனியார் பள்ளிகள் தங்கள் ஆரம்ப வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களுக்குக் குறையாமல், சுற்றுப்புறத்து ஏழைப் பிள்ளைகளுக்கும் பின்தங்கிய வகுப்பினரின் பிள்ளைகளுக்கும் ஒதுக்க வேண்டும். எட்டாம் வகுப்பு முடியும் வரையில் அவர்களிடம் சம்பளம் வாங்கலாகாது. அந்தச் சம்பளத்தைச் சர்க்கார் பள்ளிக்கு ஈடு செய்யும். சிறுபான்மையோரின் பள்ளிகளை இக்கட்டளையிலிருந்து சுப்ரீம் கோர்ட்டு நீக்கிவிட்டது. தமிழ்நாட்டில் ஏழை என்பதற்கு வருஷ வருமானம் இரண்டு லட்ச ரூபாய் எல்லையாகவும், சுற்றுப்புறம் என்பதற்கு ஒரு கிலோமீட்டர் எல்லையாகவும் வைக்கப்பட்டன. மனுக்கள் இடங்களுக்கு மேற்பட்டால் குலுக்கல்.

ஈடு செய்யும் தொகையைக் கணக்கிடும் முறையைக் கவனிக்க வேண்டும். சர்க்கார் தன் சொந்தப் பள்ளிகளிலும் ஸ்தல ஸ்தாபனங்களின் பள்ளிகளிலும் ஆரம்பக் கல்விக்கு வருஷந்தோறும் செய்யும் நடப்புச் செலவை, அப்பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் தொகையால் வகுத்தால் வருவது தலைக்குரிய செலவு. அதுவும் தனியார் பள்ளி வாங்கும் சம்பளமும் ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே கொடுக்கப்படும். தலைக்குரிய செலவு ரூ. 13,000 என்று உதாரணத்திற்காக வைத்துக்கொள்வோம். ரூ. 10,000 வாங்கும் பள்ளிக்கு ரூ. 10,000 கிடைக்கும். ரூ. 40,000 வாங்கும் பட்டணத்துப் பள்ளிக்கும் ரூ. 13,000-க்கு மேல் கிடையாது. மீதியை அப்பள்ளி தானே தாங்க வேண்டும். தாங்க மனமில்லாத பள்ளி, வேறு பெயரிட்டுப் பெற்றோரிடம் வாங்க முயல்வதில் ஆச்சரியமில்லை. இப்பிள்ளைகளுக்குப் புஸ்தகம், எழுது சாமான், உடை ஆகியவை இலவசமாகக் கிடைக்கவேண்டும் என்று மத்திய சர்க்காரின் 2010-ம் வருஷத்து விதிகள் கூறுகின்றன. ஆயினும் நமது குடியானவர் கையிலிருந்த ரசீதுகளில் புஸ்தகமும் உடையும் தனித்தனியே ஏறியிருந்தன. வண்டிச் சத்தத்திற்கு ரசீதே இல்லை.

பொதுப் பணம் தனியார் பள்ளிக்குப் போவது நூதனமன்று. 1854-ம் வருஷத்தில் ஸர் சார்லஸ் வுட் அனுப்பிய கல்விக் கடிதத்தை அனுசரித்து, மிஷன்களும் பிறரும் நடத்திய பள்ளிகளுக்கு மான்யம் கொடுக்கும் வழக்கம் இந்நாட்டில் ஏற்பட்டது. ஆனால் அந்த மான்யம் பள்ளியை நோக்கிக் கொடுக்கப்பட்டது. அதைப் பெற்ற பள்ளி தன் கணக்கையும் பாடத்தையும் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். இப்புதிய தொகையோ பிள்ளையைத் தொடர்ந்து போகிறது. பிள்ளை எங்கேயோ, பணமும் அங்கே.

இதன் பயனை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் காணலாம். அதே சட்டத்தின் அட்டவணைப்படி, ஆரம்பப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரையில் இரண்டு உபாத்தியாயர்கள்; 61 முதல் 90 வரையில் மூவர். தமிழ்நாட்டில் ஆகஸ்டு முதல் தேதிக் கணக்கைக் கொண்டு உபாத்தியாயர் தொகை நிர்ணயிக்கப்படுகிறது. நமது குடியானவரின் ஊர்ப் பள்ளியில் முன்பு 64 பிள்ளைகள் இருந்தார்கள். அவர் பையனுடன் நால்வர் தனியார் பள்ளிக்குப் போயினர். பாக்கி 60. அவ்வருஷமே ஓர் உபாத்தியாயர் வேற்றூருக்கு மாற்றப்பட்டார். ஐந்து வகுப்புகளுக்கும் இருவரே மிஞ்சினர். நான்கு பிள்ளைகளின் சம்பளத்தைச் சர்க்கார் கொடுத்தது கணக்கில் தெரியும். அறுபது பிள்ளைகள் ஓர் உபாத்தியாயரை இழந்தது எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

குடியானவர் செய்ததைத் தவறென்று கூற எனக்கு மனமில்லை. ஒரே அறையில் மூன்று வகுப்புகளை உட்காரவைத்து ஒருவரே நடத்துவதையும், அவரும் தேர்தல் வேலைக்குப் போய்விடுவதையும் கண்டு மனம் சலித்தே அவர் பையனை எடுத்தார். தேர்தல், ஜனக் கணக்கெடுப்பு, ஆபத்துக் கால நிவாரணம் ஆகிய வேலைகளுக்கு உபாத்தியாயர்களை அனுப்பச் சட்டமே இடங்கொடுத்திருக்கிறது. பணக்காரர் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே பலகையில் உட்காரவேண்டும் என்பது 25 இடங்களின் நோக்கங்களில் ஒன்று. 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு இப்பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. பட்டணத்தில் அந்நோக்கம் ஓரளவு நிறைவேறலாம். கிராமாந்தரத்தில் தனியார் பள்ளிக்குச் சம்பளம் கொடுத்துப் போகிறவர்களும் அதே தெருக் குடியானவர் பிள்ளைகளே.

கர்நாடகத்தில் 2018 டிசம்பரில் விதியை மாற்றி, அருகில் சர்க்கார் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளி இவ்விடங்களைக் கொடுக்க வேண்டியதில்லை என்றார்கள். அதன்பின் அங்கே இவ்வகைச் சேர்க்கை மிகவும் குறைந்தது. மகாராஷ்டிரத்தில் 2024-ல் அவ்வாறே செய்தபோது, மூலச் சட்டத்திற்கு மாறான விதி செல்லாது என்று பம்பாய் ஹைகோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. தமிழ்நாட்டில் தொல்லை வேறு விதமாய் வந்தது. மத்திய சர்க்காரின் பங்குத் தொகை வராமையால் 2025-ம் வருஷத்துச் சேர்க்கை ஜூனில் நடைபெறாமல், அக்டோபரில்தான் ஆரம்பமாயிற்று. அதற்குள் மற்றப் பிள்ளைகள் காற்பரீட்சையே எழுதிவிட்டார்கள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், ஊர்ப் பள்ளியே இல்லாத இடத்திலும், இருந்தும் உபாத்தியாயர் இல்லாத இடத்திலும், பிள்ளையின் சம்பளத்தைச் சர்க்கார் கொடுப்பது நியாயம். மற்ற இடங்களில் அப்பணம் முதலில் மூன்றாவது உபாத்தியாயருக்குப் போகவேண்டும். எங்கே கொடுத்தாலும் கணக்குத் திறந்திருக்க வேண்டும். நமது சங்கங்களில் தணிக்கை அறிக்கையை மகாசபையில் அங்கத்தினர் முன் படிக்கிறோம். சர்க்கார் பள்ளியில், முக்கால் பங்கு பெற்றோரும் பாதிப் பங்கு பெண்களும் அடங்கிய நிர்வாகக் குழுவைச் சட்டம் ஏற்படுத்தியிருக்கிறது. உதவி பெறாத தனியார் பள்ளிக்கு அக்குழு கட்டாயமில்லை. ஈட்டுத் தொகைக்குத் தனி பாங்கிக் கணக்கு வைக்கவேண்டும் என்று மத்திய விதிகளில் இருக்கிறது; அக்கணக்கைப் பெற்றோர் பார்க்க வழியில்லை. பொதுப் பணத்தில் ஒரு ரூபாய் வாங்கினாலும் பெற்றோர் குழு ஒன்று வேண்டும் என்பதை ஏன் விதியாக்கலாகாது?

நிற்க. பெற்றோர் கவனிக்கவேண்டியவை சில உண்டு. கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கேட்க வேண்டும். அதில் இன்ன காரணத்திற்காக என்று எழுதியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு சலுகை முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் முழுச் சம்பளமும் தம் தலையில் விழும் என்பதை முதல் வகுப்பில் சேர்க்கும்போதே நினைக்க வேண்டும். ஊர்ப் பள்ளியில் இலவசமாகக் கிடைக்கும் மத்தியான உணவும், பாடப் புஸ்தகமும், உடையும் ரூபாயில் எவ்வளவாகும் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்ப்பதும் நலம்.

அவ்வாறு நமது குடியானவருக்குச் சங்க ஆபீசிலேயே எழுதிக் காட்டினேன். காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "வரும் ஜூனில் சின்னப் பெண்ணைச் சேர்க்க வேண்டும், ஐயா" என்றார். குலுக்கலில் அவள் பெயர் விழும் என்பது நிச்சயமில்லை. திரும்பும் வழியில் ஊர்ப் பள்ளிக்குள் நுழைந்து தலைமை உபாத்தியாயரை விசாரித்தேன். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகிறவர்களைக் கழித்து, புதிதாய்ச் சேர்ப்பதாகச் சொன்னவர்களைக் கூட்டி வைத்திருந்தார். வரும் வருஷத்துக்கும் சரியாக அறுபது. அந்தப் பெண்ணின் பெயர் அதில் இல்லை.