துத்தநாக விரல்: ஒரு தொகைச்சொல்லின் பொருள்மயக்கம்

அறிவியல் கலைச்சொல்லாக்கம் பற்றிய நம் விவாதங்கள் பெரும்பாலும் தனிச்சொற்களைச் சுற்றியே நிகழ்கின்றன. சொற்கள் அடுக்கித் தொடராகும்போது நேரும் மயக்கம் அந்த அளவு கவனம் பெறுவதில்லை. ஆய்வுக்கூடங்களுக்கு விற்கப்படும் புரதக் குப்பிகளில் காணும் ஒரு பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் ‘மறுகூட்டிணைவு மனிதத் துத்தநாக விரல் புரதம்’ என வரும். இத்தொடரில் எங்கெங்கே பொருள் பிறழக்கூடும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1985இல் கேம்பிரிட்ஜில் ஆரன் குளூக்கும் அவர்தம் உடனாய்வாளர்களும் ஆப்பிரிக்க நகத்தவளையின் முட்டையணுவிலுள்ள ஒரு புரதத்தை ஆராய்ந்தனர். ஏறத்தாழ 30 அமினோ அமிலங்கள் கொண்ட ஓர் அலகு அதில் ஒன்பது முறை அடுத்தடுத்து வரக் கண்டனர். ஒவ்வோர் அலகிலும் இரண்டு சிஸ்டீன்களும் இரண்டு ஹிஸ்டிடின்களும் ஒரு துத்தநாக அயனியைப் பிடித்து நிற்கின்றன. இவ்வலகுகள் டி.என்.ஏ.வைப் பற்றுவதால் ‘விரல்’ என்னும் உருவகப்பெயர் பெற்றன. 1991இல் வெளியான படிக அமைப்பாய்வு, சுண்டெலிப் புரதம் ஒன்றின் மூன்று விரல்கள் டி.என்.ஏ.வின் பெரும்பள்ளத்தில் பொருந்தி, ஒவ்வொன்றும் பெரும்பாலும் மூன்று காரஇணைகளைத் தொடுவதைக் காட்டியது. ஆகவே உருவகம் பொருத்தமானதே. ‘விரல்’ என்பதை மாற்ற வேண்டியதில்லை.

சிக்கல் அதற்கு முன்னுள்ள சொல்லில் இருக்கிறது. பொற்குடம் என்பது பொன்னாலாகிய குடம். தயிர்க்குடம் என்பது தயிரையுடைய குடம். ஒரு தொகை இரண்டு முதல் ஏழு பொருள்வரை மயங்கலாம் என்று நன்னூல் விதிக்கிறது. பொருளறியாத வாசகர் ‘துத்தநாக விரல்’ என்பதைப் பொற்குடம் போல விரிக்கவே வாய்ப்பு மிகுதி. உண்மையில் அது தயிர்க்குட வகை; ஒரு விரலில் ஒரே ஓர் அயனிதான் உண்டு. எனினும் இவ்வொப்புமைக்கும் எல்லை உண்டு. தயிரை வழித்தெடுத்தாலும் குடம் குடமே. உலோக அயனிகளைக் கவரும் ஈ.டி.டி.ஏ. போன்ற பொருளால் துத்தநாகத்தை நீக்கினாலோ விரல் மடிப்புக் குலைந்து டி.என்.ஏ.வைப் பற்றும் ஆற்றலை இழக்கிறது. (இலங்கைப் பாடநூல்களின் வழக்கில் துத்தநாகம் ‘நாகம்’ ஆகும். அங்கே ‘நாக விரல்’ என்றெழுதினால் பாம்பும் உடன்வந்துவிடும்!)

‘மனித’ என்னும் அடை இன்னும் நுட்பமானது. இப்புரதம் எந்த மனித உடலிலிருந்தும் எடுக்கப்பட்டதன்று. மூன்று விரல்களையுடைய ஈ.ஜி.ஆர்.1 என்னும் மனிதப் புரதத்தைச் சான்றாகக் கொள்வோம். அதன் குறிமுறையைத் தாங்கிய டி.என்.ஏ.வை ஒரு பிளாஸ்மிடில் இணைத்து ஈ.கோலை பாக்டீரியத்துள் செலுத்தினால், பாக்டீரியமே அப்புரதத்தை ஆக்கித் தருகிறது. தூய்மைப்படுத்துவதற்காகப் புரதத்தின் முனையில் ஆறு ஹிஸ்டிடின்களைச் சேர்ப்பதும் உண்டு. அவை நிக்கலில் ஒட்டிக்கொள்ளும். இங்கு மனிதருக்குரியது வரிசை மட்டுமே.

மறுகூட்டிணைவு நிகழ்ந்ததும் டி.என்.ஏ.வில்தான், புரதத்தில் அன்று. ஆனால் தமிழ்த்தொடரில் அடை அடுத்த சொல்லையே தழுவ விரும்புவதால், மறுகூட்டிணைவுக்கு ஆளானவர் மனிதரே என்று படிக்கவும் இடமுண்டாகிறது. முதன்முறை எழுதும்போதேனும் ‘மறுகூட்டிணைவு டி.என்.ஏ. வழிப் பெற்ற, மனித வரிசையுடைய, துத்தநாகம் தாங்கிய விரலமைப்புப் புரதம்’ என விரித்தெழுதுதல் நலம். நீளம் குறையன்று. பின்னர்ச் சுருக்கிக்கொள்ளலாம்.

குப்பியின் எச்சரிக்கை வாசகத்தில் இப்பிழை வெறும் இலக்கணப்பிழையாக நிற்பதில்லை. ஆய்வுக்கு மட்டுமே உரியது, மனிதருக்குச் செலுத்தத்தக்கதன்று என்பதே அதன் கருத்து. ‘மனிதப் புரதம்’ என்ற பெயருக்குக் கீழே ‘மனிதப் பயன்பாட்டுக்கன்று’ என்று எழுதினால், முன்னது பின்னதை மறுப்பதுபோல் தோன்றும். முன்னதை ‘மனித வரிசையுடைய’ என்றும் பின்னதை ‘மனிதருக்குச் செலுத்தக் கூடாது’ என்றும் வேறுபடுத்த வேண்டும். ‘ஆய்வுக்கு மட்டும்’ என்பதற்கு ஈடாகப் ‘பரிசோதனைக்கு மட்டும்’ என்று எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். மருத்துவமனையில் பரிசோதனை என்றால் நோயாளியைச் சோதிப்பது என்றே பொருள்.