தீர்மானம் போட்டாச்சு, அப்புறம்?

கிராம சபை முடிந்ததும் மாமா நேராக டீக்கடைக்கு வந்துவிட்டார். கூட்ட நோட்டீஸ் சட்டைப்பையில் நாலாக மடிந்து கிடந்தது.

"கல்குவாரி வேண்டாம்னு எல்லாருமா கையைத் தூக்கினோம். பற்றாளர் எழுதிக்கிட்டார். மினிட் புக்குல வரிசையா நின்னு கையெழுத்துப் போட்டோம். குவாரி நின்னுடுமா மாப்ள?"

உடனே பதில் சொல்லிவிட முடியாத கேள்வி. டீ வரட்டும் என்று மூன்று ஊர்களின் கதையைச் சொன்னேன்.

முதலாவது, ஒடிசாவின் நியமகிரி மலை. அங்கே வேதாந்தா ஆலைக்காக பாக்சைட் வெட்ட அரசு திட்டமிட்டது. மலையையே தெய்வமாகக் கும்பிடும் டோங்கிரியா கோந்து மக்கள் எதிர்த்தார்கள். 2013 ஏப்ரல் 18-ல் உச்ச நீதிமன்றம், அந்த மக்களின் உரிமையைப் பற்றிக் கிராம சபைகளே முடிவு சொல்லட்டும் என்றது. மாவட்ட நீதிபதி பார்வையாளராக உட்கார்ந்திருக்க, 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. அடுத்த ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுரங்கத்துக்கு அனுமதி இல்லை என்று கைவிரித்தது.

"அப்போ நம்ம தீர்மானமும் செல்லும்ல?"

அங்கேதான் முடிச்சு இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபையைக் கேட்கச் சொல்கிறது. அதனால்தான் அந்த மலை ஊர்களின் பேச்சு நீதிமன்றத்தில் எடுபட்டது.

இரண்டாவது, காஞ்சிபுரத்தை ஒட்டிய பரந்தூர். சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அங்கேதான் என்று 2022-ல் அறிவித்தார்கள். ஏகனாபுரம் மக்கள் அந்த ஆண்டிலிருந்தே சபை கூடும்போதெல்லாம் எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். நிலமெடுப்பு வேலை நிற்கவில்லை. 2013-ஆம் ஆண்டின் மத்திய நிலமெடுப்புச் சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீடு உண்டு. அதற்கு ஊராட்சியைக் கலந்து பேச வேண்டும். தனியாருக்கு நிலம் என்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதம் பேரும், அரசும் தனியாரும் கூட்டு என்றால் 70 சதவீதம் பேரும் சம்மதிக்க வேண்டும். ஆனால் பரந்தூரில் கையிலெடுத்தது தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுத் தொழில் நிலமெடுப்புச் சட்டம். அதில் இந்தப் படிகள் இல்லை. மத்தியச் சட்டத்தோடு முரண்படுகிறது என்று 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. சட்டமன்றம் அதே ஆண்டில் புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தது. 2021-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. ஊரைக் கேட்க வேண்டாம் என்று ஒரு வழி சட்டத்திலேயே இருக்கும்போது எந்த அரசு வந்தாலும் அந்த வழியில்தான் போகும். இதில் கட்சி வித்தியாசம் பார்க்காதீர்கள் என்றேன். மாமா கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

மூன்றாவது, மதுரை மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி. டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை 2024 நவம்பரில் எடுத்தது வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க். அதே மாதம் 23-ல் சுற்றுவட்டாரக் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றமும் போட்டது. ஜனவரியில் மக்கள் மதுரைக்கே பேரணியாக நடந்து போனார்கள். 2025 ஜனவரி 23-ல் ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது. இங்கே சட்டம் துணை நிற்கவில்லை, தெரு நின்றது. தீர்மானம் அந்தத் தெருவுக்கு முதல் காகிதமாக இருந்தது.

"நம்ம குவாரி எதுல சேரும்?"

குவாரி உரிமம் ஊராட்சி கொடுப்பதல்ல. ஆகவே வெறும் காகிதத்தால் அது நிற்காது. விடாமல் பின்தொடர்ந்தால் உதவும் என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது.

ஆனால் சபைக்கே சொந்தமான அதிகாரம் ஒன்றிருக்கிறது. அதை நாம் தொடுவதே இல்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, மூன்றாம் பிரிவைப் பாருங்கள். ஊராட்சியின் திட்டம், வரவு செலவு, தணிக்கை அறிக்கை மூன்றையும் ஏற்கிற அதிகாரம் கிராம சபைக்குத் தந்திருக்கிறது. இன்றைக்குக் கணக்கு வாசித்தார்களா என்று கேட்டேன்.

"வாசிச்சாங்க. வேகமா வாசிச்சாங்க. நாங்க குவாரிக்காகக் காத்திருந்தோம்."

அதுதான் நடக்கிறது. கணக்கு வாசிக்கும்போது டீ குடிக்கப் போகிறோம்; நமக்குப் பிடி இல்லாத பொருள் வரும்போது கையைத் தூக்கத் திரும்புகிறோம்.

இன்னொன்றும் சொன்னேன். ஊராட்சித் தலைவர் பதவிக்கு ஆயுள் ஐந்து ஆண்டு. அது முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசமைப்பின் 243-இ சொல்கிறது. இங்கே 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்கு 2019 டிசம்பரில்தான், அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும், தேர்தல் வந்தது. அவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தபோதும் புதியவர்கள் இல்லை. நாற்காலி தனி அலுவலர்களிடம் போனது. நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர் இல்லாதபோது கணக்கைக் கேட்க வேண்டிய தேவை கூடுகிறது. கேட்க இடமும் இருக்கிறது. தலைவர் போவார், அலுவலர் மாறுவார். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அத்தனை பேரும் சேர்ந்ததுதான் கிராம சபை என்பதால் அதற்குக் காலாவதி கிடையாது.

மாமா நோட்டீஸைப் பிரித்து, எழுத்துக் கூட்டி மூன்றாவது பொருளைப் படித்தார்: தெருவிளக்குப் பராமரிப்புச் செலவு.

"குவாரித் தீர்மானத்துக்கு நகல் கேட்டு நாளைக்கே ஒரு மனு எழுதிக் கொடு" என்று எழுந்தார். கல்லாவில் காசு வைத்தவர், ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "இன்னைக்கு ராத்திரி நம்ம தெருவுல எத்தனை பல்பு எரியுதுன்னு எண்ணிப் பாத்துடறேன்."