டாக்டர் என்ன சொன்னார்?

பூந்தமல்லியில் இருந்து ஆவடி போகும் வழியில் இருக்கிறது பாரிவாக்கம். அந்த ஊரில் ஒருவருக்கு இரண்டு வாரமாக விடாத இருமல் என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரிக்குப் போகிறார். சளியைச் சோதிக்கிறார்கள். காசநோய்!

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்கிறாள்:

"டாக்டர் என்னங்க சொன்னார்?"

"மாத்திரை கொடுத்தார்."

அவள் கேட்டது ஒன்று. அவர் சொன்னது வேறு. ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

மாத்திரை சாப்பிடத் தொடங்கிய சில வாரங்களில் இருமல் அடங்கும். காய்ச்சல் நிற்கும். பசி எடுக்கும். "உடம்புதான் தேறிவிட்டதே, இனி மாத்திரை எதற்கு?" என்று தோன்றும். ஆனால் கிருமிகள் எல்லாம் சாகவில்லை. சில கிருமிகள் பதுங்கிக் கிடக்கும். பாதியில் மருந்தை நிறுத்தினால் அவை மறுபடியும் பெருகும். பழைய மருந்துக்கு அடங்காமலும் போகலாம்.

சாதாரணக் காசநோய்க்கு இப்போது 6 மாத மருந்து. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். அப்படியும் பாதியில் விடுகிறவர்கள் உண்டு.

வீடு தேடிப் போனார்கள்

ஒரு காலத்தில் இந்த நோய் வந்தால் சானடோரியம்தான். தாம்பரம் சானடோரியம் என்று ரெயில் நிலையமே இருக்கிறது அல்லவா? அங்கே வேளை தவறாமல் மருந்து கொடுப்பார்கள். ஆனால் எல்லோருக்கும் படுக்கை ஏது?

1956-ம் ஆண்டு சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. ஏழை நோயாளிகள் 193 பேரைச் சேர்த்துக் கொண்டார்கள். பாதிப் பேருக்குச் சானடோரியத்தில் சிகிச்சை. மீதிப் பேருக்கு வீட்டிலேயே! இரு சாராருக்கும் ஓராண்டு, ஒரே மருந்து.

வீட்டில் இருப்பவர் ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறாரா? நிலையத்தினர் வீடு தேடிப் போனார்கள். பேசினார்கள். பேச்சோடு விடவில்லை. திடீரென்று போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள்!

1959-ல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் 100-க்கு 92 பேருக்கு நோய் அடங்கியது. வீட்டில் இருந்தவர்களில் 100-க்கு 86 பேர். நெருக்கமான வீடு, போதாத சாப்பாடு, அப்படியும் இவ்வளவு! கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் அதிகமாகப் பரவவில்லை. பல நாடுகளில் வீட்டுச் சிகிச்சை வழக்கத்துக்கு வர இது வழிகாட்டியது.

இரத்தமா?

இப்போது கொடுக்கும் மருந்துகளில் ஒன்று ரிபாம்பிசின். அதைச் சாப்பிட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால்? "ஐயோ, இரத்தம்!" என்று பயந்து, மாத்திரையைப் பரணில் போட்டுவிடுவார்.

நம் ஜனங்கள் டாக்டர் எது சொன்னாலும் தலையாட்டுவார்கள். புரிந்ததா என்பது வேறு விஷயம். அதனால், "நான் சொன்னதை நீங்கள் ஒரு தடவை சொல்லுங்கள்" என்று கேட்கிற டாக்டர்கள் உண்டு. தப்பாகச் சொன்னால் மறுபடி விளக்குவார்கள். இரண்டு நிமிஷ வேலைதான். வெளியே நூறு பேர் நிற்கும்போது அந்த இரண்டு நிமிஷமும் பெரிதுதான்.

டாக்டருக்கு நேரம் இல்லையா? நர்சைக் கேட்கலாம். எத்தனை மாதம் சாப்பிட வேண்டும்? எந்த வேளையில்? ஒரு நாள் மறந்துவிட்டால் என்ன செய்வது? எதைக் கண்டால் உடனே ஓடிவர வேண்டும்?

கடைசிக் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். கண் மஞ்சளித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.