மனசுக்கும் அவசர வைத்தியம் உண்டு



நெஞ்சு வலி என்றால் உடனே 108-க்கு போன் போடுகிறோம். அதே வீட்டில் ஒருவர் திடீரென்று நிலை தடுமாறினால், "காத்து கருப்பு அடிச்சிருக்கு, வெளியே சொல்லாதீங்க" என்று கதவைச் சாத்துகிறோம். இந்தத் தாமதம் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

யாருக்கு அவசர உதவி தேவை?

* தற்கொலைக்கு முயன்றவர்கள், "செத்துப்போறேன்" என்று சொல்பவர்கள். சும்மா மிரட்டுகிறார் என்று விடக் கூடாது.
* தினமும் குடித்துவிட்டு திடீரென நிறுத்தியவர்கள். இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, இல்லாததைப் பார்த்து பயப்படுவது வரலாம். கவனிக்காவிட்டால் உயிர் போகும்.
* குழந்தை பெற்ற சில நாட்களில் தூக்கமின்றி, சம்பந்தமில்லாமல் பேசும் தாய்மார்கள். தாயையும் குழந்தையையும் தனியே விடக் கூடாது.
* காய்ச்சலில் அல்லது சர்க்கரை குறைந்து திடீரென உளறும் பெரியவர்கள்.

எங்கே போவது?

முதலில் பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு. நேராக கீழ்ப்பாக்கம்தான் போக வேண்டும் என்பதில்லை. டாக்டர் முதலில் காய்ச்சல், சர்க்கரை, தலையில் அடி, விஷம் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு அமைதிப்படுத்த மருந்து தருவார். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆபத்தான நேரத்தில் பதிவு பெற்ற எந்த டாக்டரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம். மேல் சிகிச்சைக்கு மனநல டாக்டரிடம் அனுப்புவார். சாப்பிடும் மாத்திரைகளையும் பழைய சீட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

"போலீஸ் கேஸ் ஆயிடுமே" என்று பயப்படாதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே அந்தச் சட்டம் கருதுகிறது. அவருக்குத் தண்டனை இல்லை, சிகிச்சைதான்.

கட்டி வைப்பதும் வைத்தியம் ஆகாது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 தீ விபத்தில் 28 மனநோயாளிகள் இறந்தார்கள். சங்கிலியால் கட்டியிருந்ததால் அவர்களால் தப்பி ஓட முடியவில்லை. இன்று சங்கிலியால் கட்டுவது சட்டப்படி குற்றம்.

நாம் என்ன செய்யலாம்?

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை கம்பெனி வேலைக்காக வெளியூர்ப் பிள்ளைகள் பலர் நம் ஊர்களில் வாடகைக்கு இருக்கிறார்கள். ராத்திரி ஒன்று என்றால் அவர்கள் தட்டும் கதவு நம்முடையதுதான். பக்கத்தில் உட்காருங்கள். மெதுவாகப் பேசுங்கள். கூட்டம் சேர விடாதீர்கள். கத்தி, பூச்சிமருந்து, மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள். 108-ஐ அழையுங்கள். ஆலோசனைக்கு 24 மணி நேரமும் 14416 என்ற இலவச எண் உண்டு.

இந்த இரண்டு எண்களையும் அடுத்த குழுக் கூட்டத்தில் எல்லோரும் போனில் பதிந்துகொள்ளுங்கள்.