கரப்பானுக்குக் காரணம் கருவாடு மட்டுமா?



குழந்தையின் முழங்கை மடிப்பில் கரப்பான் கண்டால், "நீ கருவாடு தின்றதுதான்" என்று தாயையே குற்றம் சொல்வது நம் வீடுகளில் இன்னும் உண்டு. பெரும்பாலும் அது அநியாயம். தலையணையையும் கொஞ்சம் பாருங்கள்.

மீரியபெத்த போன்ற பதுளை மலைத் தோட்டங்களில் மழையும் பனிமூட்டமும் லயன் காம்பராக்களை ஈரமாக்கிவிடுகின்றன. ஈரம் மிகுந்த படுக்கையில் கண்ணுக்குத் தெரியாத தூசிச் சிற்றுண்ணிகள் பெருகும். அவற்றின் எச்சத்திலுள்ள நொதியம் தோலின் மேலடுக்கை அரிக்கும். கரப்பான் வாகுள்ள தோலோ ஏற்கெனவே பலவீனமானது. ஃபிலாகிரின் என்னும் தோற்புரதம் சிலருக்குப் பிறவியிலேயே குறைவு என்பது 2006இல் தெரியவந்தது.

விரிசலில் நுழைந்த துகளைத் தோலின் காவல் கலங்கள் பிடித்து நிணநீர்க் கணுவுக்குக் கொண்டு செல்லும். 1868இல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் கண்டறிந்த கலங்கள் இவை. அங்கே டி கலங்கள் அத்துகளைப் பகையென்று பழகி, தோலுக்குத் திரும்பி, இன்டர்லூக்கின் 4, 13 ஆகியவற்றைச் சுரக்கும். அரிப்பு எடுக்கும். அதோடு விட்டதா? அதே சுரப்புகள் ஃபிலாகிரினையும் குறைத்துவிடும்! காவலரே மதிலை இடித்தால், அடுத்த துகளுக்கு வழி அகலம்தானே.

ஆகவே வெடித்த தோலில் பயற்றம் மா தேய்க்காதீர்கள். உணவுப் பொருளும் அவ்வழி நுழைந்தால் பகையாகலாம். குளிப்பாட்டியதும் ஈரம் காயுமுன் வாசனையில்லாத வாஸ்லின் பூசுங்கள். மெத்தையைக் காயப்போட இடமில்லாவிட்டால், தலையணை உறையையும் விரிப்பையுமாவது வாரம் ஒருமுறை சுடுநீரில் துவைத்துவிடுங்கள்.