ஃபைபர் படகுக்குள் அழுகும் மரம்

நாவலூரிலிருந்து கோவளம் கரைக்குப் போய்ப் படகு பழுது பார்ப்பது என் தொழில். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரம் ஃபைபர் படகுகள் பெருகின. "ஃபைபர் அழுகாதே!" என்பார்கள். உண்மைதான், ஆனால் பல படகுகளில் தளப்பலகையும், அதை நீளவாக்கில் தாங்கும் சட்டங்களும் மரம். அவை அழுகும்.

ஸ்க்ரூ ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே இறங்கும். கடல்நீரைவிடத் தேங்கி நிற்கும் மழைநீரே ஆபத்து. மரத்தைத் தின்னும் பூஞ்சை அதில்தான் செழிக்கும். சுத்தியல் பிடியால் தளத்தைத் தட்டுங்கள். கணீரென்றால் மரம் கெட்டி, பொத்தென்றால் உளுத்துவிட்டது.

உளுத்த தளத்தை அறுக்கும் முன் படகின் இருபுறமும் மணல் மூட்டை அண்டக்கொடுக்க வேண்டும். இல்லையேல் உடல் கோணிவிடும். கெட்டி மரம் தென்படும்வரை வெட்டியெடுத்து, நன்றாகக் காயவிட்டு, பழைய ஃபைபரைக் கிரைண்டரால் சொரசொரப்பாக்க வேண்டும். வழவழப்பில் ரெசின் பிடிக்காது. கண்ணாடித்தூசி பறக்கும், முகக்கவசம் கட்டாயம்.

புதுப் பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். வெட்டிய ஓரம்தான் நீரை அதிகம் உறிஞ்சும். அங்கே ரெசினைத் தாராளமாகப் பூசுங்கள். சட்டமும் உடலும் சேரும் மூலையைப் புட்டிப் பசையால் வளைவாக நிரப்பி, கண்ணாடி இழை விரிப்பை அடுக்கடுக்காக ஒட்டுங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூ ஓட்டையையும் அடைத்துவிடுங்கள்.

மீனவத் தோழர்களே, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். எஞ்சின் தாங்கும் பின்பலகையையும் மறவாமல் சோதியுங்கள். உங்கள் உயிர் அதை நம்பித்தான் கடலுக்குப் போகிறது.